வட்டத்துக்குள் ஒரு வீடு

அந்த வீட்டுச் சமையலறை மேசையில் எலுமிச்சம்பழங்கள் அச்சடித்த ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கிடக்கும். இரவு வேலை முடிந்து வந்து ஒருநாள் காலை தேநீர்க் கோப்பையை வைக்கப் போனபோது, ஓர் எலுமிச்சையின் நடுவில் ஊசி குத்தியதுபோல் சின்ன ஓட்டை. மறுநாள் இரண்டு. அந்த வாரக் கடைசியில் ஐந்து. வீட்டுக்கார அக்காவின் கண்ணில் அது படவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்லாமலிருப்பது எனக்குப் பழகிப்போனது. லண்டனின் வடமேற்கு மூலையில், ஹாரோ பக்கம், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். நான்கு அறைகளில் நான்கு ஆண்கள், கீழே அக்கா, எல்லாருக்கும் சேர்த்து ஒரே சமையலறை. அப்படிப்பட்ட வீட்டில் சண்டையில்லாமல் காலம் தள்ள வேண்டுமென்றால் அடுத்தவனுடைய குழம்பையும் அடுத்தவனுடைய தொலைபேசிப் பேச்சையும் கவனிக்காததுபோல் இருக்கத் தெரிய வேண்டும். கவனிக்காமல் இருக்க முடியாது. அது வேறு.

ஓட்டைகளுக்குச் சொந்தக்காரர் 2023 மே மாதம் வந்து சேர்ந்தார். கும்பகோணத்துக்காரர். வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை. மனைவி, ஒன்பது முடிந்து பத்தைத் தொடப்போகிற பெண், நாலேகால் வயதுப் பையன் மூவரும் ஊரில். ஆகஸ்டில் அவர்கள் வருவதாக ஏற்பாடு. வந்த புதிதில் குளிரைப் பற்றிப் பேசினார், பிறகு கொஞ்ச நாள் அரிசியைப் பற்றி. மூன்றாவது வாரத்திலிருந்து பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

பவுண்டுக் கடையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிவந்தார். அலுவலகத்தில் அச்செடுத்த வரைபடத் தாள்களை செல்லோடேப் போட்டு ஒட்டி, மேசை நிறைய விரிப்பார். ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் காம்பஸ் முள்ளை ஊன்றி, அடிக்கோலில் வைத்து அதன் காலை அகட்டி, சிவப்புப் பென்சிலால் வட்டம் இழுப்பார். மார்கழி மாதத்தில் வாசலில் பெரிய கோலத்துக்குப் புள்ளி வைக்கிறவர்களுக்குத்தான் அப்படி ஒரு மூச்சடக்கம் உண்டு. வட்டம் முடிந்ததும் தள்ளி நின்று பார்ப்பார். முள் தாளையும் தாண்டி எலுமிச்சையில் இறங்கியிருப்பதை அவர் கவனித்ததே இல்லை.

இந்த வட்டத்துக்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இடம் கிடைக்க மதிப்பெண் வேண்டாம், நன்கொடை வேண்டாம், எம்.எல்.ஏ. கடிதமும் வேண்டாம். வீடு வேண்டும். இடத்துக்கு ஆள் மிஞ்சினால், முதலில் அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள், பிறகு பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே படிக்கிறவர்களின் தம்பி தங்கைகள், அதற்கப்புறம் தூரம். பல வட்டாரங்களில் அந்தத் தூரம் கால் நடக்கிற தூரம்கூட அல்ல, வரைபடத்தில் அடிக்கோல் வைத்து நேர்கோடு இழுத்தால் வருகிற தூரம். போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எத்தனை மைலில் இருந்தது என்று கவுன்சில்கள் கணக்கு வெளியிடுகின்றன. சில தொடக்கப் பள்ளிகளுக்கு அது அரை மைலைக்கூடத் தொடாது. அந்த எண்ணைத்தான் அவர் காம்பஸில் எடுத்துக்கொள்வார். வட்டத்துக்குள் இருக்கிற தெருக்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுவார். பிறகு ரைட்மூவ் என்ற வீட்டு விளம்பர இணையதளத்தில் அந்தத் தெருக்களில் வாடகைக்கு என்ன வந்திருக்கிறது என்று தேடுவார். தேடிவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வாடகை வாங்குகிறவர்களுக்கும் காம்பஸ் பிடிக்கத் தெரியும் போலிருக்கிறது.

எந்தப் பள்ளிக்கு வட்டம் போடுவது என்பதை அவர் முடிவு செய்த விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. இங்கே பள்ளிகளைச் சோதனை போட ஓஃப்ஸ்டெட் என்ற அமைப்பு 1992-லிருந்து இருக்கிறது. அந்தக் காலத்தில் அது ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு முத்திரை குத்திவிட்டுப் போகும்: அவுட்ஸ்டாண்டிங், குட், மேம்பட வேண்டும், போதாது. முதல் முத்திரை கிடைத்த பள்ளிக்காரர்கள் நம் ஊர் ஓட்டல் வாசலில் ‘உயர்தர சைவம்’ என்று எழுதிப் போடுவதுபோல அந்தச் சொல்லைப் பெரிய துணியில் அடித்து வேலியில் கட்டிவிடுவார்கள். இவர் சிவப்புப் பென்சில் வைத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான். இரண்டாவது சொல்லுக்கு நீலம். மற்ற இரண்டுக்கும் பென்சில் கிடையாது.

முதல் முத்திரை வாங்கிய பள்ளிகளை 2012-லிருந்து 2020 வரை வழக்கமான சோதனையிலிருந்து விட்டுவைத்திருந்தார்கள். அதனால் அவர் சிவப்பு வட்டம் போட்ட பள்ளி ஒன்றின் அறிக்கையில் 2011 என்று தேதி இருந்தது. சொல் அவருடைய பெண்ணைவிட மூத்தது. அப்போதிருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்களோ! மேசையில் கிடந்த தாளில் அந்தத் தேதியைப் பார்த்தபோது வாயில் வந்ததை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினேன். (அடுத்த வருடம், 2024 செப்டம்பரில், அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் முத்திரையையே எடுத்துவிட்டார்கள். அதற்குமுன் ஒரு தலைமையாசிரியை உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். பள்ளியில் நடந்த சோதனையும் அதற்கு ஒரு காரணம் என்று மரண விசாரணையில் முடிவாயிற்று.)

மாலை ஏழு மணிக்கு நான் வேலைக்குப் போகச் சோறு கட்டிக்கொண்டிருப்பேன். கும்பகோணத்தில் அப்போது இரவு பதினொன்றரை. பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவி கூப்பிடுவார். இவருக்கு இரண்டு கையிலும் வேலை இருக்கும் என்பதால் பேச்சு ஸ்பீக்கரில் நடக்கும்.

“என்னங்க, சிலபஸ் என்னன்னு கேட்டீங்களா?”

“இங்க புக்குன்னு எதுவும் கிடையாதும்மா.”

“புக்கு இல்லாம எப்படிங்க பள்ளிக்கூடம்?”

“டீச்சரே பேப்பர் குடுப்பாங்களாம். அங்கேயே எழுதி அங்கேயே வச்சிட்டு வந்துருவாங்களாம்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

“அப்ப நான் எதை வச்சு சொல்லிக்குடுக்கறது?”

இதற்கு அவரிடம் பதில் இல்லை. நான் பாத்திரத்தை மூடாமல் நின்றேன். ஜூன் மாதம் வந்தால் பழுப்பு அட்டை போட்டு லேபிள் ஒட்டுகிறவள், சாயங்காலம் டைரியைத் திறந்து பார்க்கிறவள், பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தோசை வார்த்தபடியே கேள்வி கேட்கிறவள். அந்தப் பெண்மணியின் உத்தியோகத்தில் பாதி அன்றிரவு கைவிட்டுப் போனது. சம்பளமில்லாத உத்தியோகம்தான், இருந்தாலும் பல வருட அனுபவம்.

இன்னொரு நாள் வகுப்பைப் பற்றிய வழக்கு. பெண் நாலாம் வகுப்பு முடித்து, ஐந்தில் அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே வந்தால் இயர் சிக்ஸ்.

“அஞ்சாவது படிக்காமலே ஆறாவதா? ரெண்டாவது முழுக்க போன்லதானங்க படிச்சா? மூணாவதுல பாதி போன்ல. நாலாவது ஒண்ணுதான் ஒழுங்காப் படிச்சிருக்கா.”

“இங்க பாஸ், ஃபெயில் எல்லாம் இல்லம்மா. வயசுதான் கணக்கு. ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள பத்து முடிஞ்சா ஆறாவது.”

“இவளுக்கு ஆகஸ்ட் இருபத்திரண்டு.”

“ஆமா.”

“பத்து நாள் தள்ளிப் பொறந்திருந்தா அஞ்சாவதா?”

“ஆமாம்மா.”

“டாக்டர் எந்தத் தேதின்னாலும் சரின்னுதான் சொன்னாங்க. ஆவணியில நாள் பாத்துக் குறிச்சுக் குடுத்தது உங்கம்மா.”

காம்பஸைக் கீழே வைத்துவிட்டார். பத்து வருடத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் ஒரு ஜோசியர் போட்ட கணக்கு, இங்கிலாந்தின் கல்விச் சட்டத்தோடு இப்படி வந்து மோதும் என்று யார் கண்டது! அந்த இரவு வேலையிடத்தில் பெட்டிகளை அடுக்கும்போது எனக்கு இரண்டு மூன்று தடவை சிரிப்பு வந்தது.

பையன் வழக்கு வேறு மாதிரி. அவன் எல்.கே.ஜி. முடித்தவன். நாலு கோடு போட்ட நோட்டில் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தெரியும்; ஐம்பது வரை எண்ணத் தெரியும்; டை கட்டிக்கொண்டு போவான். இங்கே அவனுக்கு ரிசப்ஷன் என்ற வகுப்பு. ஒரு பள்ளியின் படங்களை இவர் அனுப்பியிருந்தார்: தண்ணீர்த் தொட்டி, மணல், பழைய சட்டிபானைகளை வைத்துச் சேற்றில் சமையல் விளையாடும் இடம், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பிள்ளைகள். அந்த அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் சொன்னார்:

“மண்ணு விளையாடறதுக்கு எங்கம்மா வீட்டுக் கொல்லையே போதுமேங்க.”

விசாவுக்காகப் பிள்ளை ஒன்றுக்கு வருடத்துக்கு 470 பவுண்டு வீதம் மருத்துவக் கட்டணம் முன்கூட்டியே கட்டியிருந்தவர் அவர். கொல்லையை நினைத்தாரோ என்னவோ, பதில் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினித் திரையில் மனைவிக்குத் தெருக்களைக் காட்டினார். கூகுள் வண்டி எடுத்துவைத்த படங்கள். அம்புக்குறியை அழுத்தினால் தெரு முன்னால் நகரும். “இதுதான் வீடு. இப்படித் திரும்பினா தபால் பெட்டி. இங்க கிராஸ் பண்ணனும். இதோ பாரு, கேட்டு.” எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் எடுக்காத வீட்டிலிருந்து இன்னும் கிடைக்காத பள்ளிக்கூடத்துக்கு அவர் நடந்தார். மூன்று தடவை போய்வந்தார்கள். “நல்ல வெயிலடிக்குதே, அங்க எப்பவும் மழைன்னாங்க?” என்று கேட்டார் அந்த அம்மா. படம் ஏதோ ஒரு ஜூலையில் எடுத்தது. இவர் அதைச் சொல்லவில்லை. இந்த வீட்டில் சொல்லாமல் விடுகிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஹாரோ குன்றின் மேல் இருக்கிற பள்ளிக்கூடத்தையும் ஒரு தடவை காட்டினார். 1572-இல் தொடங்கியது, நேரு 1905-லிருந்து 1907 வரை அங்கேதான் படித்தார், தட்டையான வைக்கோல் தொப்பி போட்ட பையன்கள் இன்றைக்கும் அந்தத் தெருவில் நடந்துபோவார்கள். அங்கேயே தங்கிப் படிக்க அப்போதே வருடத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல் ஆகும். இந்த ஊர் வழக்கில் அது ‘பப்ளிக் ஸ்கூல்’. நம் ஊரில் ஊருக்கு ஒரு பப்ளிக் ஸ்கூல் பலகை தொங்குவது இதைப் பார்த்துத்தான். காசு கட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்கிற பொருளை மட்டும் சரியாக எடுத்துக்கொண்டோம்.

ஜூன் கடைசியில் ஒருநாள் பேருந்தின் மேல்தளத்திலிருந்து அவரைப் பார்த்தேன். பிற்பகல் மூன்றேகால். சிவப்பு வட்டத்துப் பள்ளி ஒன்றின் வாசலுக்கு எதிர்ப்புறம் விளக்குக் கம்பத்தருகே நின்றிருந்தார். தள்ளுவண்டிக் குழந்தைகளோடு தாய்மார்கள், ஸ்கூட்டர்களைக் கையில் பிடித்த தகப்பன்மார்கள், சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட குஜராத்திப் பாட்டிகள், முக்காடு போட்ட சோமாலியப் பெண்கள். கதவு திறந்ததும் பிள்ளைகள் கொட்டினார்கள். இவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். சாலையைக் கடக்கவைக்கும் அம்மாள், வட்டப் பலகை மாட்டிய கழியோடு, இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையில்லாமல் பள்ளி வாசலில் நிற்கும் ஆண்பிள்ளையை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று இவருக்குத் தெரியாது. அம்மாள் இவரை நோக்கி வரத் தொடங்கியபோது என் பேருந்து நகர்ந்துவிட்டது.

எண்ணியது எதை என்று அன்று மாலை தெரிந்தது.

“நம்ம பிள்ளைங்க பாதிக்கு மேல இருக்கும்மா.”

“அங்க போயும் நம்ம ஆளுங்களோடயேவா? அதுக்கு இங்கேயே இருக்கலாமே. இங்கிலீஷ் எப்படி வரும்?”

“அப்ப வேற பாக்கறேன்.”

“பாருங்க.” பிறகு குரல் இறங்கியது. “சுத்தமா இல்லாமலும் வேண்டாங்க. வகுப்புல ஒருத்தியாவது தமிழ்ப் பொண்ணு இருந்தா நல்லது. முதல் நாள் பாத்ரூம் எங்க இருக்குன்னு யார்கிட்டக் கேப்பா?”

நான் கேட்ட இத்தனை இரவுப் பேச்சிலும் அந்தப் பெண்குழந்தை இருந்த கேள்வி இது ஒன்றுதான்.

இதைப் பற்றி நியாயம் பேச எனக்கு அருகதை இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். என் மகள் படித்தது மதுரையில். வளைகுடாவிலும் பிறகு இங்கேயுமாக என் காலம் போயிற்று. அவள் பள்ளிக்கூடத்து வாசலை நான் பார்த்தது இரண்டே தடவை. வட்டம் போடுகிற தகப்பனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும்.

அக்கா ஒருநாள் மட்டும் வாய் திறந்தார். இவர் தன் விசாத் தாளைக் காட்டி, “பொதுப்பணம் எதையும் தொடக் கூடாதுன்னு போட்டிருக்காங்கக்கா, கவர்மெண்ட் ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா?” என்று கேட்டபோது.

“பள்ளிக்கூடம் உதுக்குள்ள வராது தம்பி. பிள்ளையெண்டா அவை இடம் குடுக்கத்தான் வேணும்.” அடுப்பிலிருந்த சொதியைக் கிண்டிக்கொண்டே சொன்னார். “நாங்கள் வந்த காலத்தில உந்த வட்டமொண்டும் தெரியாது. உயிர் தப்பி வந்ததே பெரிய காரியம். என்ர பிள்ளையள் மூண்டு பேரும் கவுன்சில் காட்டின பள்ளிக்கூடத்துக்குத்தான் போனவை. மூத்தவள் பார்மசி வச்சிருக்கிறாள். அடுத்தவன் கரண்ட் வேலை. கடைசி என்ன செய்யிறான் எண்டு எனக்கே விளங்கேல்லை. ஆனா காசு வருது.”

அவர் மரியாதையாகத் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு நீலப் பென்சிலைச் சீவினார்.

ஜூலையில் சிவப்பு வட்டத்தின் உட்கரையில், கோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு வீடு அமைந்தது. கடைகளுக்கு மேலே மாடி வீடு. இரண்டு அறை. வாடகையைச் சொன்னபோது அக்கா இரண்டு காதிலும் கை வைத்தார். பிள்ளைகள் வந்து இறங்கி, வீட்டு ஒப்பந்தமும் கையில் இருந்தால்தான் பெரும்பாலும் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வார்கள் என்பதால், முதலில் வீடு, பிறகு விமானம், அதற்குப் பிறகுதான் பள்ளி. தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போகிற ஏற்பாடு.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வந்தார்கள். மூட்டைகளை மேலே தூக்க நானும் போனேன். எட்டுப் பெட்டி. ஒன்றில் முழுக்கப் புத்தகம்; ஐந்தாம் வகுப்புப் பாடநூல்கள் எல்லாம் பழுப்பு அட்டை போட்டு வந்திருந்தன. பையன் படிக்கட்டில் ஏறி இறங்கி விளையாடினான். பெண் ஜன்னலோரம் நின்றாள். அவளிடம் தகப்பன், “அதோ அந்த மரத்துக்குப் பின்னாடி தெரியுது பாரு, செங்கல் கட்டிடம், அதான் உங்க ஸ்கூல்,” என்றார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். கட்டிடத்தைப் பார்த்தாளா மரத்தையா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் செங்கல் கட்டிடத்தில் அவர்களுக்கு இடம் இல்லை.

ரிசப்ஷன் வகுப்பு இடங்களை ஏப்ரல் மாதமே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். சின்ன வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். முப்பத்தொன்றாவது பிள்ளை வாசலுக்கு எதிரிலேயே குடியிருந்தாலும் வெளியேதான். இயர் சிக்ஸும் நிறைந்திருந்தது. வட்டம் பொய்யில்லை, இடம் பங்கு வைக்கிற நாளில் வட்டத்துக்குள் இருந்திருக்க வேண்டும். அந்த நாளில் அவர்கள் கும்பகோணத்தில் இருந்தார்கள். கவுன்சில் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தது. பையனுக்குக் கிழக்கே ஒன்றேகால் மைலில் ஒரு பள்ளி. பெண்ணுக்கு மேற்கே ஒரு மைலில் வேறொரு பள்ளி. செங்கல் கட்டிடத்தின் காத்திருப்போர் பட்டியலில் பையன் ஏழாவது.

பட்டியலைப் பற்றி அவர் அக்காவிடம் வந்து விளக்கம் கேட்டார். செப்டம்பர் கடைசியில் ஏழு ஒன்பதாகியிருந்தது. “ரேஷன் கடை க்யூவுலகூட நின்ன இடத்துலதானேக்கா நிப்போம்? பின்னாடி எப்படிப் போவேன்?” பட்டியலும் தூரத்தின்படிதான், முதலில் பதிந்தவருக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது. அவர் வீட்டுக்கும் செங்கல் கட்டிடத்துக்கும் நடுவில் வேறு இரண்டு குடும்பங்கள் குடிவந்திருக்க வேண்டும். அவர்களுடைய மேசை விரிப்பிலும் ஓட்டை விழுந்திருக்கலாம்.

இத்தனை நாள் காம்பஸ் சுற்றியும் அவர்கள் பேசாமல் விட்ட கேள்வி ஒன்று, பள்ளி திறந்த அன்று காலை எட்டரை மணிக்கு நடுத்தெருவில் வந்து நின்றது: இரண்டு பள்ளிக்கும் ஒரே நேரத்தில் மணியடிக்கிறது, தகப்பன் எட்டு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும், தாய் ஒருத்திதான். கும்பகோணத்தில் வேன் வாசலுக்கு வரும். ஹாரன் அடிக்கும்; ஆயா பையை வாங்கிக்கொள்ளும். அந்தப் பெண் தனியாக ஒரு சாலையைக் கடந்ததில்லை. இங்கே அவள் வகுப்புப் பிள்ளைகள் பலர் தனியாகவே வருகிறார்கள். பதினொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பேருந்தில் கட்டணம் கிடையாது. அக்கா இதைச் சொன்னபோது, “கட்டணத்துக்காகவாக்கா யோசிக்கிறேன்?” என்று அந்த அம்மா கேட்டாராம்.

முதல் வாரம் தாயும் பையனும் பெண்ணுமாக மேற்கே போய், அங்கிருந்து பையனை இழுத்துக்கொண்டு கிழக்கே ஓடினார்கள். தினமும் பையன் தாமதம். இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, இரவு வேலை முடிந்து நான் இறங்கிய நிறுத்தத்தில் அந்தப் பெண் தனியாக நின்றிருந்தாள். சாம்பல் நிறப் பாவாடை, கறுப்புக் காலுறை, ஒரு அளவு பெரிய ஸ்வெட்டர். இரட்டைச் சடை மடித்துக் கட்டி, நீல ரிப்பன். ரிப்பன் எந்த நிறம் என்று கேட்டுப் பள்ளிக்கு அந்த அம்மா மின்னஞ்சல் அனுப்பியதும், ரிப்பன் எதுவும் கட்டாயமில்லை என்று பதில் வந்ததும், கட்டாயமில்லை என்றால் ஸ்வெட்டர் நிறத்திலேயே கட்டிவிடலாம் என்று முடிவானதும் எனக்குத் தெரியும். காதில் தோட்டின் மேல் சதை நிறப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அன்று உடற்பயிற்சி வகுப்பு. தோட்டைக் கழற்ற வேண்டும் என்றது பள்ளி. பெண்குழந்தை வெறுங்காதோடு போகக் கூடாது என்றார் தாய். பிளாஸ்திரியில் இரண்டு அரசாங்கமும் சமாதானமாயின.

எதிர்ச்சாரியில், பேருந்து நிறுத்தக் கூரைக்குப் பின்னால் ஒளிந்து, பையனைக் கையில் பிடித்தபடி தாய் நின்றிருந்தார். பேருந்து வந்தது. பெண் ஏறி, ஓட்டுநரைப் பார்த்து ஏதோ சொன்னாள். குட் மார்னிங்காக இருக்கும். பேருந்து போனதும் தாய் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையனைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் ஓடினார். என்னை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பையனைப் பற்றி விசாரமில்லை. அந்த வருடம்தான் லண்டனில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசமாயிற்று. தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் தின்று, சேற்றில் சமைத்து, சாயங்காலம் மணலோடு வீடு வந்தான். நாலு கோட்டு நோட்டை மறந்துவிட்டான் என்று தாய்க்கு வருத்தம்.

அக்டோபரில் காம்பஸ் மறுபடியும் வெளியே வந்தது. இயர் சிக்ஸ் பிள்ளை என்றால் அடுத்த வருடத்து மேல்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31-க்குள் விண்ணப்பம் போட வேண்டும். லண்டனில் வரிசைப்படி ஆறு பள்ளிகள் எழுதலாம். வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் அடுத்த கல்யாணம். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கும் கிராமர் பள்ளிகள் நாட்டில் 163 உண்டு, பக்கத்து பார்னெட்டில்கூட இருக்கிறது என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் தேர்வு செப்டம்பரில் நடந்து முடிந்துவிட்டது. பெயர் கொடுக்கும் நாள் கோடையிலேயே போயிற்று. நம் ஆட்கள் பலர் அதற்கு நாலாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைத் தனிப்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் அப்போதுதான் கேள்விப்பட்டார். அன்று அவர் அக்கா வீட்டுப் படியேறி வந்தபோது, ரயிலைத் தவறவிட்டவர் நடைமேடையில் நடப்பதுபோல் நடந்தார்.

அந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை. இரவல் வாங்கிய இட்லிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கூடத்தில் அக்காவிடம் விண்ணப்பத்தின் ஆறு கட்டங்களில் எதை முதலில் எழுதுவது என்று பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சமையலறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சடை ஒன்றாகியிருந்தது. ரிப்பன் இல்லை. கையில் ஒரு பென்சில். மேசை விரிப்பில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஓர் ஓட்டையில் விரல் நின்றது. பிறகு அடுத்தது. வாய்க்குள் எண்ணினாள், தகப்பனுடைய அதே உதட்டசைவு.

“பதினொண்ணு,” என்றாள். “அப்பா இந்த டேபிள்லதான் மேப் போட்டாங்களா அங்கிள்?”

தலையசைத்தேன்.

“ஒவ்வொரு ஹோலும் ஒரு ஸ்கூலா?”

மறுபடியும் தலையசைத்தேன்.

“இதுல எங்க ஸ்கூல் எது?”

எனக்கு அந்த வரைபடம் மனப்பாடம். சிவப்பு ஐந்து, நீலம் ஆறு. மேற்கே ஒரு மைலில் இருக்கிற அந்தப் பள்ளிக்கு அவர் பென்சிலே எடுக்கவில்லை. வரைபடம் அந்தப் பக்கம் மேசை விளிம்போடு முடிந்துபோயிருந்தது.

“இதுல இல்லம்மா,” என்றேன். அவர்கள் வந்ததிலிருந்து அந்தப் பிள்ளையிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஓட்டைகளின் இருப்பைத் தலை சாய்த்துப் பார்த்து, மனசுக்குள் ஏதோ திசை கணக்குப் போட்டு, விளிம்போரம் மடிப்பு விழும் இடத்தில் இருந்த ஒரு முழு எலுமிச்சையைத் தேர்ந்தெடுத்தாள். பென்சில் முனையை அதன் நடுவில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். காம்பஸ் முள்ளைப்போல் நறுக்கென்று இல்லை. கொஞ்சம் பெரிய ஓட்டையாக விழுந்தது.

கூடத்திலிருந்து அக்காவின் செருப்புச் சத்தம் சமையலறைப் பக்கம் வந்தது. நான் என் கோப்பையை விளிம்போரம் நகர்த்தி, அந்த எலுமிச்சையின் மேல் வைத்தேன்.